வரிசையின் கடைசி ஆள்

வீடில்லாதவர்களுக்கு இலவசமாக முடி வெட்டும் ஞாயிற்றுக்கிழமை. வரிசையில் கடைசியாக நின்றவர் பார்லர்காரம்மாவின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அவள் அவர் கழுத்தில் துணியைச் சுற்றி, வெட்டத் தொடங்கினாள்.

பக்கத்து நாற்காலியில் வேலையை முடித்திருந்த புதுத் தன்னார்வலர் பேச்சுக் கொடுத்தார். "முன்னாடியெல்லாம் எங்கய்யா முடி வெட்டிப்பீங்க?"

"என் சம்சாரம்தான் வெட்டுவா. அப்ப ஒரே ரூம்ல குடியிருந்தோம். ஸ்டூல்ல உக்கார வெச்சு, பழைய போர்வையைச் சுத்திவிடுவா. என் தலையிலதான் தொழிலே கத்துக்கிட்டா. ஒரு தடவை காதையும் சேர்த்து நறுக்கிட்டா!" என்று சிரித்தார் அவர்.

"இப்ப அவங்க?"

"நல்லாயிருக்கா. ஊரே அவகிட்டதான் தலையைக் குடுக்குது. என் தலையைத் தொடத்தான் நேரமில்ல."

"அதுக்காக உங்களை இப்படித் தெருவுல விட்டுட்டாங்களா? சரியான கல்நெஞ்சக்காரி!"

கத்தரிக்கோல் நின்றது. அவர் காதிலிருந்த பழைய தழும்பைப் பார்லர்காரம்மா கட்டைவிரலால் மெல்லத் தடவினாள்.

"அந்த ஸ்டூல் இன்னும் நம்ம வீட்டுப் பரண்லதான் கிடக்கு. போனதும் இறக்கி வைங்க. இனிமே இந்த வரிசையில வந்து நின்னீங்க, மொட்டைதான்!"