பூசணி விதையும் குப்பை வண்டியும்

ஒரு சிரிப்புக் கதை சொல்கிறேன். ஆனால் இப்போதே சிரித்துவிடாதீர்கள். சிரிப்பு மண்ணுக்குள் இருக்கிறது, வெளியே வரக் கொஞ்ச நாளாகும்.

நான் மைனா. எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து போட்ட தோட்டத்தில், வாழைகளுக்கு நடுவே ஒரு குழி உண்டு. எல்லார் வீட்டுக் காய்கறிக் கழிவும் அதில்தான் விழும். ஒருநாள் தோலும் சதையுமாக விழுந்த பூசணி விதை ஒன்று அழுதது.

"ஐயோ, என்னைக் குப்பையில போட்டுட்டாங்களே! வண்டி வந்து அள்ளிட்டுப் போயிடுமே!"

விடுவேனா? குப்பை வண்டிக் குரலை அப்படியே எடுத்துவிட்டேன். "பாம் பாம்! மக்கும் குப்பை, மக்காத குப்பை, தனித்தனியாப் போடுங்கம்மா!"

விதை நடுங்கிப்போய்ச் சருகுக்கு அடியில் புகுந்தது. மறுநாளும் அதே ஹாரனை அடித்தேன். "அள்ள வர்றாங்க, கெட்டியாப் பிடிச்சுக்கோ!" என்று மண்புழு குரலிலும் கத்தினேன். பயத்தில் அது வெள்ளைக் கால் ஒன்றை நீட்டி மண்ணைப் பற்றிக்கொண்டது.

பிறகு ஒரு காலையில் வந்து பார்த்தால், குழியில் மண் தானாக உயர்ந்தது. அந்தப் பொடிசு தன்னைவிடக் கனமான மண்கட்டியைத் தலையால் முட்டித் தூக்கியபடி எழுந்தது. கூட விழுந்த தோலும் சதையும் கருகருவென்று மண்ணாகிக்கொண்டிருந்தன. எனக்கு ஹாரன் சத்தமே மறந்துவிட்டது.

விதை ஓட்டைத் தொப்பியாக மாட்டிக்கொண்டு அது சுற்றிலும் பார்த்தது. வண்டி இல்லை, வண்டி வரும் வழியும் இல்லை. வாழைகள் இருந்தன. வாய் பிளந்தபடி நான் இருந்தேன்.

"அடப்பாவி," என்றது பூசணி. "அந்தப் பாம் பாம் நீதானா?"