அவளுடைய சம்பங்கி

“அவ வாசனை மட்டும் கிடைச்சாப் போதும் மேடம். வேற எதுவும் வேணாம்.”

சொல்லும்போதே அவருக்குக் குரல் தழுதழுத்தது. பிளாஸ்டிக் கவருக்குள் இறுக்கிச் சுற்றிக் கொண்டுவந்திருந்த துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். ஆள் வாட்டசாட்டம்தான், ஆனால் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

பூக்களிலிருந்து சாறு எடுத்து செண்ட்டும் முகக் கிரீமும் செய்பவள் அவள். தெருவில் அவளுக்கு ‘மூக்கு மேடம்’ என்று பெயர். எதையும் ஒரு தடவை முகர்ந்தால் போதும், உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பிட்டுப் பிட்டு வைத்துவிடுவாள்.

கவரைப் பிரித்ததும் அறை முழுக்கச் சம்பங்கி.

“அசல் சம்பங்கிச் சாறு” என்றாள். “கூடக் கொஞ்சம் சந்தனம், ஆரஞ்சுத் தோல். அவங்க நல்ல ரசனைக்காரங்க சார்.”

“ரசனையெல்லாம் ரொம்ப ஜாஸ்தி மேடம். என்னைக் கட்டிக்கிட்டது ஒண்ணுதான் கணக்குல சேராது.”

அழுகைக்கு நடுவிலும் மனைவியை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாரே என்று அவளுக்கு நெகிழ்ந்தது. உடம்பில் பட்ட துணியில் இத்தனை வாசம் நிற்காதே என்றும் ஒரு கணம் தோன்றியது. பாவம், காற்றுப் படாமல் பொத்தி வைத்திருக்கிறார் போலிருக்கிறது.

“எப்படி ஆச்சு சார்?”

“கையிலதான் பிடிச்சிருந்தேன். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள எல்லாம் போயிடுச்சு.” உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டார். “எத்தனை பேருக்கு பிரேக் போடக் கத்துக்குடுத்திருக்கேன்! எனக்குன்னு வந்தப்போ கை உதவலயே!”

“உங்க மேல என்ன தப்பு இருக்கு?”

“நீங்க சொல்றீங்க. அவ சொல்லணுமே!”

மூக்கு மேடம் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“வீடு பூரா அதே வாசனை மேடம். ஜன்னலையெல்லாம் திறந்து வச்சுட்டேன். போகவே மாட்டேங்குது.”

“போக விடாதீங்க சார்” என்றாள் மெல்ல. அலமாரியிலிருந்து ஒரு கிரீம் டப்பாவை எடுத்து நீட்டினாள். “இதுலயும் சம்பங்கிதான். படுக்கறப்போ முகத்துல தடவிக்குங்க. தோல் வறட்சி போகும், மனசும் கொஞ்சம் அடங்கும்.”

“அவ கிரீமே டப்பா டப்பாவா இருக்கு மேடம். இனிமே அவ சாமான் எதையும் நான் தொடறதா இல்ல.”

அவளால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. “நிறையப் பூ பறிச்சதுமே வாசனையை நிறுத்திடும். சம்பங்கி அப்படி இல்ல சார். செடியை விட்டுப் பிரிஞ்ச பிறகும் மணந்துக்கிட்டே இருக்கும். சில மனுஷங்களும் அப்படித்தான்.”

“சரிங்க. எவ்வளவு நேரம் ஆகும்?”

“கலந்துட்டு ஒரு வாரமாவது ஊற வைக்கணும்.”

“ஐயோ, நாளைக்கே வேணுமே!”

“நாளைக்கு ஏதாவது…?”

“நாளைக்குத்தான் மேடம் எனக்கு இருக்கு” என்று தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

கையில் இருந்த வேலையை ஓரம் கட்டினாள். தனக்கென்று எடுத்து வைத்திருந்த உயர்ந்த ரகச் சம்பங்கிச் சாற்றைத் திறந்து, தராசில் சொட்டுச் சொட்டாக விட்டு, காகித நுனியில் தொட்டுத் தொட்டு அவரிடம் நீட்டினாள். முதலில் அவர் உதட்டைப் பிதுக்கினார். அப்புறம் “கிட்ட வந்துடுச்சு” என்றார்.

சந்தனத்தைக் கொஞ்சம் குறைத்ததும் கண்களை மூடிக்கொண்டார். கன்னத்தில் நீர் இறங்கியது.

“இதேதான் மேடம். அவளே வந்து நிக்கற மாதிரி இருக்கு!” என்றவர், சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மூக்கு மேடம் பின்கட்டுக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் செய்த கிரீமை எடுத்துக் கணவர் தன் ஷூவுக்குப் பளபளப்பு ஏற்றியதற்காக, நாலைந்து நாளாக அவரோடு அவள் பேசுவதில்லை. இப்போது போனை எடுத்தாள்.

“என்னங்க, சாப்பிட்டீங்களா?”

“யாரு பேசறது?” என்றார் கணவர்.

“நான்தாங்க. கிரீம் போனாப் போகுது. சாயங்காலம் சீக்கிரம் வந்துடறேன்.”

திரும்பி வந்து, இருப்பதிலேயே அழகான பாட்டிலை எடுத்தாள். அவர் அவசரமாகத் தடுத்தார்.

“அது வேணாம் மேடம். அதோ, அந்த நீலச் சதுரம்! அதுதான் அவ வச்சிருந்தது மாதிரியே இருக்கு.”

அதில் ஊற்ற ஆரம்பித்தாள். பாதி வந்ததும் அவர் கையைக் காட்டினார்.

“போதும் மேடம். பாதியோட நிறுத்திடுங்க. அவளுது பாதியிலதான் நின்னுது.”

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. மூடியைத் திருகினாள். பாட்டிலை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

“தைரியமா இருங்க சார். அவங்க எங்கயும் போயிடல. உங்க பக்கத்துலயே நின்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க.”

அவர் முகம் வெளிறிப்போயிற்று.

“நல்ல வார்த்தை சொல்லுங்க மேடம்! அவ செண்ட் பாட்டிலை நான் உடைச்சது தெரிஞ்சா, நாளைக்கு ஊர்லேருந்து வந்து இறங்கினதுமே என்னைத் தொலைச்சுக் கட்டிடுவா!”