தாய்மார் விடுதி

கொள்ளிடக் கழிமுகத்து ஊர்களில், கர்ப்பிணிகள் நான்காம் மாதமே ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்பது சட்டம். மழை குறைந்து, கடல் உள்ளேறி, ஆற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது. அதைக் குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும். தையல்நாயகிக்கு முதல் பிள்ளை அப்படித்தான் போயிற்று. இரண்டாம் முறை அவள் மறுபேச்சில்லாமல், ஆற்றின் மேல்பகுதியில் முசிறியில் இருந்த தாய்மார் விடுதிக்குப் போனாள்.

அவள் கணவன் வைத்தி, ஊர் நீரேற்று நிலையத்தில் உப்பு அளப்பவன். மாலையானால் போனில் கேட்பாள்: "இன்னைக்கு எவ்வளவு?"

"குறைஞ்சிருக்கு புள்ள. நேத்துக்கு இன்னைக்குத் தேவல."

ஐப்பசியில் மூன்று கிலோ எடையில் பெண் பிறந்தது. நாற்பதாம் நாள் அழைத்துப்போக வைத்தி வந்தான். அவன் குழந்தையைப் பார்த்தான். அவள் அவன் காலைப் பார்த்தாள். செருப்பு வார் ஆழமாகப் பதிந்து, கணுக்கால்வரை வீங்கியிருந்தது.

"என்னங்க இது?"

"பஸ்ஸுல நின்னுகிட்டே வந்தேன்."

அவள் நர்ஸைக் கூப்பிட்டாள். நர்ஸ் அவன் கையில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் அளந்தார். நம்பாமல் மறுபடி அளந்தார்.

"நூத்தித் தொண்ணூறு இருக்குண்ணே. அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறீங்களா?"

"ஊரே அதத்தான் குடிக்குது."

"குறைஞ்சிருக்குன்னு சொன்னீங்களே," என்றாள் தையல்நாயகி.

"உள்ளதச் சொன்னா நீ பாதியில கெளம்பி வந்திருப்ப."

அவள் கட்டிவைத்த பையைப் பிரித்தாள்.

"ஆம்பளைங்க இங்க தங்கக் கூடாதேம்மா," என்றார் நர்ஸ்.

தையல்நாயகி குழந்தையை அவன் மடியில் கிடத்திவிட்டு, பக்கத்துத் தெருவில் வாடகைக்கு அறை கேட்கப் போனாள்.