அழுத்திப் பிடித்த பஞ்சு

பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பதில் நல்ல பெயர் வாங்கியவள்தான். ஆனால் படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதிலேயே ஏழு வருடம் ஓடிவிட்டது. மறுபடி அதே வேலைக்கு நாளைக்கு நேர்முகத் தேர்வு என்றதும் அக்காவைக் கூப்பிட்டாள்.

"எதிர்ல ஆள் இருக்கிற மாதிரி நினைச்சுப் பேசிப் பாருடி, பயம் போயிடும்" என்றாள் அக்கா போனில்.

கணவனின் பழைய கோட்டு ஒன்றை நாற்காலியில் மாட்டி, அதன் இடது கைக்குள் துண்டைச் சுருட்டித் திணித்தாள். ஏன் இத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்று கோட்டு கேட்டதாக வைத்துக்கொண்டு பதில் சொன்னாள். பிறகு, மாமியாருக்கு வாங்கி மிஞ்சிய ஊசியை எடுத்துக் கோட்டின் முழங்கை மடிப்பில் இறக்கினாள். பழக்கதோஷத்தில் அங்கே பஞ்சை வைத்து, "அழுத்திப் பிடிச்சுக்குங்க சார், நான் சொல்ற வரைக்கும் எடுத்துடாதீங்க" என்றும் சொல்லிவிட்டாள்.

பார்த்துக்கொண்டிருந்த கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்துக்கொண்டே அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் மேஜைக்குப் பின்னால் ஒரே ஒரு அதிகாரி உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காதவர் மாதிரி கண் சிவந்திருந்தது. அந்த ஏழு வருடத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

"எப்ப வந்து சேர்றீங்க?" என்றார்.

"நாளைக்கே வந்துடறேன் சார்."

அப்போதுதான் கவனித்தாள். அவருடைய சட்டையின் இடது கை மேலே மடித்துவிடப்பட்டிருந்தது. முழங்கை மடிப்பில் ஒரு பஞ்சை வலது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தார்.

"இப்ப எடுத்துடலாமாம்மா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.