சீட்டிக்காரன் எப்படிச் செத்தான்?

“அவனை எதுக்குக் கொன்னீங்க?” என்று விமர்சகர் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு எழுபத்திரண்டு வயது. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “நான் கொல்லணும்னு கொல்லல சார். அவனாத்தான் போனான்” என்றார்.

“எல்லாக் கொலைகாரனும் இதைத்தான் சொல்வான்” என்று சொல்லிவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார் விமர்சகர். வேறு யாரும் சிரிக்காதது அவருக்குப் பழக்கம்தான்.

செத்தவன் ஒரு பாலக் காவலாளி. இந்த அம்மாள் நாற்பது வருடங்களுக்கு முன் குழந்தைகளுக்காக எழுதிய ஏழு பாக மாயக் கதையில், நாலாம் பாகத்தில் வந்து போகிறவன். எந்நேரமும் சீட்டியடிப்பதால் அவன் பெயரே சீட்டிக்காரன்.

அந்தப் புத்தகங்கள் அச்சில் இல்லாமல் போய் இருபத்தைந்து வருடம் ஆகிறது. பள்ளி நூலகங்களுக்காக மறுபடி அச்சடிக்கலாமா என்று இப்போது ஒரு குழு பார்க்கிறது. குழு என்றால் விமர்சகர்தான். மற்ற இரண்டு பேரும் அவர் தலை ஆடினால் தங்கள் தலையையும் ஆட்டுகிறவர்கள்.

அவர் ‘வேண்டாம்’ என்று எழுதி அம்மாளுக்கும் ஒரு கடிதம் போட்டுவிட்டார். காரணம், சீட்டிக்காரனின் சாவு.

“தப்பா நினைக்காதீங்கம்மா. நான் உங்க பரம ரசிகன். அதோ பாருங்க” என்று சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குள், உடைந்த பாலத்துக்கு மேலே ஒரு வெள்ளைக் குதிரை சிறகை விரித்துப் பறந்துகொண்டிருந்தது. “உங்க குதிரைதான். ஒன்பது வயசுலேருந்து எங்கூட இருக்கு. எத்தனையோ வீடு மாறியாச்சு, இதை மட்டும் விடல. யாரையும் தொடக்கூட விடமாட்டேன்.”

அம்மாளின் முகம் மலர்ந்தது. அது விமர்சகருக்குப் பொறுக்கவில்லை. மேஜைமேலிருந்த பழைய புத்தகத்தைக் கையிலெடுத்தார்.

“ஆனா ரசிகன் வேற, விமர்சகன் வேற. எண்பத்தாறாம் பக்கத்துல உங்க ஆளு பாலத்துல நின்னு ஜம்முனு சீட்டியடிக்கிறான். எண்பத்தொன்பதாம் பக்கத்துல அவனைப் புதைச்சிட்டு எல்லாரும் அழுதுக்கிட்டு வர்றாங்க. நோயா, விபத்தா, நெஞ்சுவலியா? ஒரு வார்த்தை இல்ல. குழந்தைங்கன்னா உங்களுக்கு இளிச்சவாயங்களா?”

குழந்தைகளுக்காக அவர் உருகியது, ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். வாசலில் பந்து விளையாடும் பிள்ளைகளை விரட்டுவதைத் தவிர அவருக்கும் குழந்தைகளுக்கும் வேறு சம்பந்தம் கிடையாது.

“எழுதினேனே சார். அவன் கயிறைப் பிடிச்சுக்கிட்டு...”

“அதைப் புத்தகத்துல சொல்லணும்மா. என் வீட்டு ஹால்ல இல்ல.”

“புத்தகத்துலதான் சார். எழுதும்போது அழுதேன், அதுகூட ஞாபகம் இருக்கு.”

“வயசானா எழுதாததெல்லாம் எழுதின மாதிரி இருக்கும். உங்ககிட்ட பிரதி இருந்தா காட்டுங்க.”

பிரதி இல்லை. ‘ரெண்டே நாள்ல திருப்பித் தர்றேன்’ என்று ஏழு பாகத்தையும் வாங்கிப்போன உறவுக்காரர் பத்து வருடமாகக் கண்ணில் படவில்லை.

போன மாதம் அம்மாள் அடுப்பை அணைக்க மறந்தார். ‘அம்மாவுக்கு ஞாபகம் போயிட்டு வருது’ என்று மகன் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். அப்போதுகூட அவர் பயப்படவில்லை. விமர்சகரின் கடிதத்தைப் படித்த பிறகுதான் பயம் பிடித்தது. அழுது அழுது எழுதியதாக நினைத்த அந்தச் சாவையே எழுதவில்லை என்றால், இனி எதைத்தான் நம்புவது?

விமர்சகர் விடுவதாக இல்லை. இந்த ஒரு சாவைப் பற்றியே முப்பது பக்கத்துக்குக் கட்டுரை எழுதி, நாலு கூட்டத்தில் படித்து மாலை போட்டுக்கொண்டவர். ‘காரணமில்லாத சாவு: ஒரு படைப்பாளியின் அலட்சியம்’ என்று அதன் தலைப்பை இப்போதும் ஒருமுறை ராகமாக வாசித்துக் காட்டினார்.

“வேற பிரதி எதையாவது பார்த்தீங்களா சார்?” என்று அம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“எதுக்கு? இது முதல் பதிப்பு. எங்கப்பா வாங்கிக் குடுத்தது. என் கையைத் தவிர வேற கை இதுமேல பட்டதே இல்ல.”

“ஒரு நிமிஷம் குடுங்க, பார்த்துட்டுத் தர்றேன்.”

பிச்சை போடுகிற மாதிரி புத்தகத்தை மேஜைமேல் தள்ளினார். அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்பத்தாறாம் பக்கத்தைப் பார்த்தார். எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே, தையல் ஓரத்தில் விரலை வைத்து மெல்லத் தடவினார். அப்புறம் தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தார்.

கடிதம் வந்ததிலிருந்து அவர் முகத்தில் இருந்த பயம் போய்விட்டது.

“என்னம்மா, கிடைச்சுதா?” என்று விமர்சகர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். “இப்பவாவது ஒத்துக்குங்க. தப்பு என்மேலயா, உங்கமேலயா?”

அம்மாள் புத்தகத்தை மூடி, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.

“அந்தக் குதிரைப் படத்தைச் சட்டத்துலேருந்து கழட்டி, பின்பக்கம் படிங்க தம்பி.”