தூக்குச்சட்டிக்குள் இருந்த பேட்ச்

ரசத்தில் உப்பு இல்லை என்று என் கணவர் இருதயராஜ் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவர் மூக்கிலிருந்து ரத்தம் தட்டில் சொட்டியது. நான்கே மாதத்தில் ரத்தப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. அணு உலைக் குழாய்களைக் கழுவும் ஒப்பந்த வேலையை அவர் விட்டுப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. கதிர் பட்டுச் சிதைந்த செல்கள் இப்படிப் பல வருடம் பதுங்கியிருந்து நோயாகும் என்றார் மருத்துவர்.

அந்த வேலைதான் கொன்றது என்று எழுதித் தரச் சொல்லி அணு உலை அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி பழைய பதிவேட்டைத் திருப்பினார்.

“அவர் நெஞ்சுல குத்தியிருந்த, கதிர்வீச்சை அளக்குற பேட்ச்ல அளவு பூஜ்யம். கருவி பொய் சொல்லுமாம்மா?”

“சொல்லாது. ஆனா அது உலைக்குள்ளயே போகலையே. அளவு கூடினா நாளைக்கு வராதேன்னு துரத்துவீங்க. அதுக்குப் பயந்து எல்லாரும் பேட்சைக் கழட்டித் தூக்குச்சட்டிக்குள்ள போட்டுட்டுதான் உள்ள போவாங்க. உங்க பேட்ச் அளந்தது என் புளிச்சோத்தை.”

பக்கத்து மேசையில் ஒருவர் சிரித்தார்.

“அப்ப தப்பு அவரோடதுதானே?” என்றார் அதிகாரி.

“நெஞ்சுல பேட்ச் இல்லன்னு தெரிஞ்சுதானே உள்ள விட்டீங்க? அதையாவது எழுதுங்க.”

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். பதிவேட்டில் இருதயராஜ் பெயருக்கு நேரே உள்ள கட்டத்தில் இன்றும் பூஜ்யம்தான் இருக்கிறது.