கடைசிக் காட்சி முதலில்

"கார் கிளம்பறதே, அதுலேர்ந்து ஆரம்பி வைத்தி. அப்படியே பின்னாடி போ. முடியறச்சே விஜி நம்மாத்துல இருக்கணும்."

வைத்திக்குச் சிரிப்பு வந்தது. டில்லி முனிர்காவில் ஓர் அறை, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, இரண்டு வீடியோ டெக், ஒரு டி.வி. அவ்வளவுதான் அவனுடைய ஸ்டூடியோ. ஒரு டெக்கில் ஓடுவதை இன்னொன்றில் பதிந்து பதிந்தே நாலு வருஷத்தில் இருநூறு கல்யாணங்களை எடிட் செய்துவிட்டான். இப்படிக் கேட்டவர் ஒருத்தர் கிடையாது.

அதுவும் கல்யாணராமன் மாமா! ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ், சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசர். ஃபைலில் ஒரு காகிதம் வரிசை மாறினாலே தூக்கம் வராத மனிதர். இப்போது சவரம் செய்யாத முகத்தோடு, தை மாதம் வைத்தியே எடுத்துக் கொடுத்த மகள் விஜியின் கல்யாண கேசட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சம்பந்தி வீட்டோடு ஏதாவது மனஸ்தாபமாக இருக்கும் என்று வைத்தி நினைத்துக்கொண்டான். பம்பாய்க்குப் போய்ப் புது டெக் வாங்கிக்கொண்டு நேற்றுத்தான் திரும்பியிருந்தான். ஊர்ச் சமாசாரம் எதுவும் அவனுக்கு எட்டவில்லை.

"விஜி கேட்டாளா மாமா, இப்படி வேணும்னு?"

"விஜிக்காகத்தான்."

காப்பியிலிருந்து காப்பி எடுத்தால் முகம் மங்கிவிடும் என்று வைத்தி சொல்லிப் பார்த்தான். நாலு மணிக்குக் கரண்ட் போய்விடும், பாதியில் நின்றால் திரும்ப முதலிலிருந்துதான் என்றும் எச்சரித்தான்.

"மங்கினா மங்கட்டும். அவ வந்து சேர்ந்தாப் போறும். ஜல்தி ஆரம்பி."

புது டெக்கில் ஒரு திருகு உண்டு. இடப் பக்கம் திருப்பினால் படம் நிதானமாகப் பின்னோக்கி ஓடும். அதைப் பரீட்சை பார்த்த மாதிரியும் ஆயிற்று என்று வைத்தி திருப்பினான்.

தெருக்கோடியில் மறைந்த கார் பின்பக்கமாகவே வந்து கல்யாண மண்டப வாசலில் நின்றது. விஜி இறங்கினாள். முந்தானை கண்ணை விட்டு இறங்கியது. அழுத முகம் மெல்லத் தெளிந்தது. தலையில் கிடந்த அட்சதை கிளம்பிப் பறந்து நூறு கைகளுக்குள் போய் அடங்கியது. மாப்பிள்ளையின் விரல்கள் மூன்று முடிச்சையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தன. ஊஞ்சல் ஆடி நின்றது. மாலை அவன் கழுத்திலிருந்து எழும்பி அவள் கைக்கு வந்தது.

சத்தமே இல்லை. கூலரின் உறுமல் கூட எங்கோ தூரத்தில் கேட்பது போலிருந்தது. திரையில் வெள்ளைக் கோடு விழுந்தபோதெல்லாம் வைத்தி பதிவை நிறுத்தி, நகர்த்தி, ஒட்டவைத்தான். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்த மறந்தே போனான். கல்யாணம் இப்படி ஒவ்வொன்றாகக் கழன்று போவது இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வந்தது. சீர் வரிசை. தட்டுகளுக்கு நடுவே பளபளவென்று காஸ் அடுப்பு. "அதைக் கிட்டக்கக் காட்டு" என்று சம்பந்தி மாமி அன்றைக்கு மூன்று தடவை சொன்னது வைத்திக்கு ஞாபகம் வந்தது. ஏழு வருஷம் காத்திருந்து தன் பெயரில் வந்த கனெக்‌ஷனை மாமா அப்படியே மகளுக்குக் கொடுத்துவிட்டார். அவர் வீட்டு மாமிக்கு இன்னும் பம்ப் ஸ்டவ்தான்.

"நிறுத்து" என்றார் மாமா. அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை மட்டும் நேரா, தனி கேசட்ல போட்டுத் தருவியா?"

"அடுப்புக்குத் தனி கேசட்டா மாமா?"

"நாளைக்கு வேணும்."

மணி நாலாக நாலு நிமிஷம். வைத்தி அவசரமாகத் திருகினான். ஆர்.கே.புரம் வீட்டு வாசல். மண்டபத்துக்குப் புறப்பட்டு வெளியே வந்த விஜி, சிரித்தபடியே பின்னோக்கி நடந்து படியேறி உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. வைத்தி பதிவை நிறுத்திக் கேசட்டை வெளியே எடுத்ததும் கரண்ட் போயிற்று.

"விஜி வந்து சேர்ந்துட்டா மாமா" என்று அவன் இருட்டில் சிரித்தான். "ஆனா அடுப்பு எதுக்குன்னுதான் புரியலே. யாருக்குக் காட்டப் போறேள்?"

மாமா கைநீட்டிக் கேசட்டை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"போலீசுக்கு. திங்கக்கிழமை மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடிச்சு விஜி போயிட்டான்னு சம்பந்தியாத்துக்காரா எழுதிக் கொடுத்திருக்கா வைத்தி. அவாத்துல ஸ்டவ்வே கிடையாதேடா."